சேற்றில் புதைந்த வண்டியை டீசல் பிக்கப் வைத்து இழுப்பது: இழுப்பது இன்ஜின் இல்லை, டயர்

ஐப்பசி மழை ரெண்டு நாள் சேர்ந்தாற்போலப் பெய்துவிட்டால் போதும், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டுப் பாதையில் எந்த வண்டி எங்கே உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊரில் ஒருத்தன் பிக்கப் வைத்திருக்கிறான் என்றால் அவனுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். "அண்ணாச்சி, வண்டி சிக்கிருச்சு, வந்து லேசா ஒரு இழு இழுத்து விட்டுட்டுப் போங்க." அந்த 'லேசா ஒரு இழு'வில்தான் முக்கால்வாசித் தப்பும் ஆரம்பிக்கிறது. கயிற்றைக் கட்டு, ஆக்சிலேட்டரை மிதி, வந்துவிடும் என்று நினைக்கிறோம். பல சமயம் வந்தும் விடுகிறது. வராத நாளில் பம்பர் பிய்கிறது, கிளட்ச் கருகுகிறது, கயிறு அறுந்து ஆளை அடிக்கிறது. புதிதாக பிக்கப் வாங்கிய தம்பிமார் கேட்டுக்கொண்டே இருப்பதால், இதில் என்ன நடக்கிறது என்பதை அடியிலிருந்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் டீசல். டீசல் வண்டிக்கு இழுவை ஜாஸ்தி என்று எல்லாரும் சொல்கிறோம், அது உண்மைதான். மாருதி ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் உச்ச டார்க், அதாவது சுழற்றுகிற பலம், 112 நியூட்டன் மீட்டர் பக்கம், அதுவும் இன்ஜின் 4000 சுற்றுக்கு மேல் அலறினால்தான் கிடைக்கும். இசுசு டி-மேக்ஸ் வி-க்ராஸின் 1.9 லிட்டர் டீசல் 2000 முதல் 2500 சுற்றுக்குள்ளேயே 360 நியூட்டன் மீட்டர் கொடுத்துவிடுகிறது. டீசல் இன்ஜின் காற்றைப் பெட்ரோல் இன்ஜினைவிட ரொம்ப அதிகமாக அமுக்கி எரிக்கிறது, கூடவே டர்போ காற்றைத் திணிக்கிறது, அதனால் மெதுவாகச் சுற்றும்போதே பலம் வந்துவிடுகிறது. சேற்றில் நமக்குத் தேவை இந்த மெதுவான பலம்தான், வேகம் இல்லை.

ஆனால் இந்த 360 என்கிற எண் அப்படியே கயிற்றுக்குப் போவதில்லை. முதல் கியரும், அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கரமும் சேர்ந்து அதை 15 மடங்குக்கு மேல் பெருக்கும், டயரின் உயரத்தைக் கணக்கில் எடுத்தால் தரையில் ஏறக்குறைய ஒன்றரை டன் தள்ளுவிசை வருகிறது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் மெதுவான இழுவைக்கென்றே இருக்கும் 4 எல் என்கிற லோ ரேஞ்சில் போட்டால் அது இன்னும் ரெண்டரை மடங்கு, அதாவது மூன்றரை டன் பக்கம். உராய்வில் கொஞ்சம் போனாலும் பெரிய எண்தான். அப்படியென்றால் மூன்றரை டன் இழுக்கலாமா? முடியாது. அந்த விசையைத் தரை தாங்க வேண்டும், டயர் தரையைப் பிடித்துக்கொண்டால்தான் அது கயிற்றுக்குப் போகும். இழுப்பது இன்ஜின் இல்லை, டயர் என்று தலைப்பில் எழுதியது இதனால்தான்.

பிடிமானக் கணக்கு ரொம்ப எளிது. இழுக்கிற சக்கரங்கள் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறதோ, அதைத் தரையின் தன்மைக்கான ஒரு எண்ணால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். காய்ந்த தார் ரோட்டுக்கு அந்த எண் 0.7, 0.8 வரை போகும், சரளைக்கு 0.5 அல்லது 0.6, நனைந்த களிமண்ணுக்கு 0.3 கிடைத்தால் பெரிய விஷயம். இப்போது 2 டன் எடையுள்ள ஒரு காலி பிக்கப், பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி என்று வைத்துக்கொள்வோம். காலி பிக்கப்பில் பாரம் முன்னால்தான் அதிகம், பின் அச்சின் மேல் 800 கிலோ இருக்கும். ஈரக் கரிசலில் 800 பெருக்கல் 0.3, அதாவது 240 கிலோ இழுவை. அதற்குமேல் மிதித்தால் சக்கரம் சும்மா சுற்றும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முழு 2 டன்னும் கணக்கில் வரும், 600 கிலோ. அதே வண்டியைக் கொண்டுபோய் தார் ரோட்டில் நிறுத்தினால் 1400 கிலோ. ஒரே வண்டி, ஒரே இன்ஜின், நிற்கிற இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது! அதனால்தான் நான் நல்ல கயிறு வாங்குவதற்கு முன்னால் நீளமான கயிறு வாங்கு என்று சொல்வேன். சிக்கிய வண்டிக்குப் பக்கத்திலேயே சேற்றுக்குள் பிக்கப்பை இறக்குவதைவிட, முப்பது அடி தள்ளி கெட்டித் தரையில் நின்று இழுப்பது ரெண்டு மடங்கு மேல்.

கரிசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மணலில் சிக்குவதும் இதில் சிக்குவதும் ஒன்றில்லை. கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்கிற களிமண் இருக்கிறது, தண்ணீர் பட்டால் ஊதிப் பெருக்கும், காய்ந்தால் கை நுழைகிற அளவு வெடிக்கும். மழை விட்டு ஒரு நாள் வெயில் அடித்தால் மேலே ஓடு மாதிரி காய்ந்து நிற்கும், நம்பிப் போனால் அடியில் அல்வா. டயர் பட்டன்களுக்கு நடுவே இந்த மண் அப்பிக்கொண்டதும் புது டயரும் மொட்டை டயரும் ஒன்றாகிவிடுகிறது. அதுவும் போக, சக்கரம் புதைந்த பிறகு மண் சுற்றிலும் மூடிக் காற்றுப் போக வழியில்லாமல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சகதியில் புதைந்த காலை வேகமாக உருவினால் செருப்பு உள்ளேயே நின்றுவிடுமே, அதே கதைதான் வண்டிக்கும்.

சரி, சிக்கிய வண்டி எவ்வளவு எதிர்க்கும்? ராணுவத்தில் வண்டி மீட்கிறவர்கள் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு எனக்கு ரொம்ப உதவியிருக்கிறது. சக்கரம் மட்டத்துக்குப் புதைந்திருந்தால் அந்த வண்டியின் எடை அளவுக்கு இழுவை வேண்டும், மட்கார்டு வரை போயிருந்தால் எடையைப் போல ரெண்டு மடங்கு, கேபின் வரை போனால் மூன்று மடங்கு. மேட்டில் ஏற்றி இழுக்க வேண்டியிருந்தால் அது தனி, பத்தடிக்கு ஓரடி ஏற்றம் என்றால் எடையில் பத்தில் ஒரு பங்கு கூடும்.

இதைக் கண் முன்னால் பார்த்தது ஒரு குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் வண்டி விஷயத்தில். விதைப்பு நேரம், டிஏபி மூட்டை 15 ஏற்றிக்கொண்டு ஓடைக்கரைப் பாதையில் போன வண்டி, பின் சக்கரம் ரெண்டும் பாதிக்கு மேல் உள்ளே. மூட்டை ஒன்றுக்கு 50 கிலோ, பாரமே 750 கிலோ, வண்டியோடு சேர்த்து ஒன்றரை டன்னுக்கு மேல். மேலே சொன்ன கணக்குப்படி ஒன்றரை டன் இழுவை வேண்டும், என் பிக்கப் நின்ற ஈரத் தரையில் கிடைப்பது 600. வண்டிக்காரர் மூட்டையை இறக்க மனசில்லாமல், "அப்படியே ஒரு தடவை இழுத்துப் பாருங்க அண்ணாச்சி" என்கிறார். மழை தூறுகிறது, உரம் நனைந்துவிடும் என்கிற கவலை அவருக்கு, அதுவும் நியாயம்தான். அப்புறம் தார்ப்பாயை விரித்து, மூட்டையைத் தரையில் இறக்காமல் பத்து மூட்டையை நேராக என் பிக்கப்பின் பின் தொட்டியில் ஏற்றினோம், மீதி ஐந்தை வரப்பு மேட்டில் அடுக்கி மூடினோம். இப்போது கணக்கைப் பாருங்கள். அவர் வண்டி 800 கிலோ ஆகிவிட்டது, என் வண்டி ரெண்டரை டன் ஆகிவிட்டது, 0.3 என்று போட்டாலும் 750 கிலோ இழுவை. அவருடைய பாரமே எனக்குப் பிடிமானமாக மாறிவிட்டது. மண்வெட்டியால் கால்மணி நேரம் சக்கரத்தைச் சுற்றி வெட்டிவிட்டு இழுத்தோம், சத்தமே இல்லாமல் வந்தது. எடையை அங்கிருந்து இங்கே மாற்றுவது என்கிற இந்த ஒரு வேலையை யாரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மண்வெட்டியைத்தான் நான் வண்டியில் முதலில் எடுத்து வைப்பேன், கயிறு அதற்கு அப்புறம். சக்கரத்தைச் சுற்றி மண்ணை எடுத்ததும் அந்த உறிஞ்சுகிற பிடி விட்டுப்போகிறது, இழுக்கிற பக்கம் சாய்வாக ஒரு சரிவு வெட்டிக் கொடுத்தால் சக்கரம் செங்குத்தாக ஏற வேண்டியதில்லை. குனிந்து அடியிலும் பார்க்க வேண்டும், கிரவுனோ சேசிஸோ மண்ணில் உட்கார்ந்திருந்தால் சக்கரத்தைச் சுற்றி எவ்வளவு வெட்டினாலும் பிரயோஜனம் இல்லை, முதலில் அதை விடுவிக்க வேண்டும். சிக்கிய வண்டியின் டயர்க் காற்றை 32 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18, 20 வரை இறக்கினால் டயர் தட்டையாகப் பரவி அதிக இடத்தைப் பிடிக்கும், மணலில் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். சக்கரத்துக்கு முன்னால் வைக்கோல், சோளத்தட்டை, தென்னை மட்டை, பழைய சாக்கு, எது கிடைத்தாலும் போடலாம். சீமைக் கருவேல முள்ளை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். பக்கத்திலேயே கிடக்கிறது என்று ஆசையாகத்தான் இருக்கும், வண்டி வெளியே வரும், ஆனால் நாலு டயரும் பஞ்சராகி வரும்.

இப்போது கயிறு. இந்த இடத்தில் அவசரப்படாமல் படிக்கச் சொல்வேன், உயிர் போவது இங்கேதான். இழுப்பதில் ரெண்டு வகை இருக்கிறது. ஒன்று, கயிற்றை விறைப்பாக்கி மெதுவாக இழுப்பது, இதற்கு நீளாத கயிறோ பட்டையோ போதும். இன்னொன்று, கொஞ்சம் தொங்கல் விட்டு ஓடி வந்து வெட்டி இழுப்பது. ரெண்டாவதுக்கு நீளுகிற கயிறு வேண்டும், நைலானில் அதற்கென்றே செய்தது, பட்டை என்றால் ஐந்தில் ஒரு பங்கு நீளும், உருண்டைக் கயிறு மூன்றில் ஒரு பங்கு வரைகூட நீளும். ஏன் நீள வேண்டும்? 2 டன் வண்டி 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அதனிடம் இருக்கும் ஆற்றல், அந்த வண்டியையே ஒன்றேகால் அடி உயரத்துக்குத் தூக்கும் அளவு. அந்த ஆற்றலைக் கயிறு ரெண்டு மீட்டர் நீண்டு வாங்கிக்கொண்டால் சராசரியாக 400 கிலோ இழுவை வரும், உச்சத்தில் அதைப் போல ரெண்டு மடங்கு, ரப்பர் இழுப்பது மாதிரி மென்மையாக. அதே வேகத்தில் இரும்புச் சங்கிலியைக் கட்டி இழுத்தால் நிற்பதற்குப் பத்து சென்டிமீட்டர்தான் கிடைக்கும், அப்போது சராசரியே 8 டன் பக்கம். கொக்கி, சேசிஸ், சங்கிலி மூன்றில் எது பலவீனமோ அது போகும். வேகத்தை 20 ஆக்கினால் ஆற்றல் ரெண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அதனால் நீளுகிற கயிறு இருந்தாலும் ஓடி வருகிற வேகம் ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சங்கிலியையும் இரும்பு ரோப்பையும் வெட்டி இழுக்க ஒருநாளும் பயன்படுத்தக் கூடாது.

ஆரம்பத்தில் நான் ஹார்டுவேர் கடையில் வாங்கிய பச்சை பிளாஸ்டிக் கயிற்றைத்தான் நாலாக மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன், முனையில் ஒரு இரும்புக் கொக்கி. ஒரு நாள் ஒரு காரை இழுக்கும்போது கயிறு அறுந்தது. சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன், அதற்குள் கொக்கி என் கேபினின் பின் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்து பக்கத்து சீட்டில் கிடந்தது. எப்போதும் அந்த சீட்டில் உட்கார்ந்து வருகிற பையன் அன்றைக்கு மண்வெட்டி எடுக்கக் கீழே இறங்கியிருந்தான். அன்றிலிருந்து கயிற்றில் கொக்கி கட்டுவதே இல்லை, ரெண்டு முனையிலும் கண்ணி உள்ள கயிறு, எடை எண் அச்சடித்த ஷேக்கிள் (குறுக்கே திருகுகிற பின் போட்ட லாட வடிவ இரும்பு வளையம்), இவை மட்டும்தான். முக்கால் அங்குல ஷேக்கிளில் 4.75 டன் என்று எழுதியிருக்கும், எதுவும் எழுதாத ஷேக்கிளை வாங்காதீர்கள். பின்னைக் கையால் முழுக்கத் திருகிவிட்டுக் கால் சுற்று தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்ற முடியாமல் இறுகிப்போகும்.

கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கையோ கனமான போர்வையையோ தொங்கவிடுங்கள், அறுந்தால் அது கயிற்றைக் கீழே அமுக்கும். கூட்டத்தை விலக்குவதுதான் நம் ஊரில் கஷ்டமான வேலை. வண்டி சிக்கிவிட்டது என்றால் ஊரே கூடி நிற்கும், பிள்ளைகள் கயிற்றைத் தாண்டிக் குதிக்கும். கயிறு 9 மீட்டர் என்றால் எல்லாப் பக்கமும் குறைந்தது 14 மீட்டர் தள்ளி ஆட்கள் நிற்க வேண்டும், கத்தித்தான் சொல்ல வேண்டும் என்றால் கத்திச் சொல்லுங்கள், கேட்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கட்டுகிற இடம் அடுத்த விஷயம். பம்பரில் கட்டக் கூடாது, ஸ்டீயரிங் ராடில் கட்டவே கூடாது, பட்டை ஸ்பிரிங்கிலும் சைலன்சர் பைப்பிலும் கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். டிரெய்லர் மாட்டுகிற உருண்டை, அந்த டோ பால், ரொம்ப ஆபத்து. அது உருளுகிற பாரத்தை இழுக்கச் செய்தது, வெட்டி இழுத்தால் கழுத்தில் முறிந்து குண்டு மாதிரி பறக்கும். ஆஸ்திரேலியாவில் அப்படிப் பறந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு, அங்கே மீட்புக் கயிறுகளுக்குக் கட்டாயத் தரவிதியே இருக்கிறது. பிக்கப்பில் சேசிஸோடு போல்ட் போட்ட கொக்கிதான் சரியான இடம். கார்களில் பம்பரில் ஒரு சின்னச் சதுர மூடி இருக்கும், அதற்குள் மரை இருக்கும், அதில் மாட்டுகிற இரும்பு வளையம் ஜாக்கி வைக்கும் இடத்தில் கிடக்கும். சில கார்களில் அது இடது பக்கமாகத் திருகுகிற மரை, இறங்கவில்லை என்று அடித்து ஏற்றிவிடாதீர்கள். அந்த வளையமும் ரோட்டில் இழுத்துச் செல்வதற்குத்தான், அதனால் அதில் கட்டினால் மெதுவான இழுவை மட்டும், அதுவும் சக்கரத்தைச் சுற்றி மண்ணை நன்றாக வெட்டிவிட்டு.

இழுக்கும்போது பிக்கப்பின் பின்பக்கத்தில் கட்டி, முன்னோக்கி ஓட்டி இழுப்பதுதான் நல்லது. ரிவர்ஸ் கியரில் பலம் இருக்கும், ஆனால் கிரவுன் பற்கள் எதிர்ப்பக்கம் அவ்வளவு பாரம் தாங்கச் செய்யப்பட்டவை இல்லை. சிக்கிய வண்டியை முடிந்தவரை அது வந்த வழியிலேயே பின்னால் இழுங்கள், அந்தத் தடம் ஏற்கெனவே அமுங்கிக் கெட்டியாக இருக்கும். ரெண்டு வண்டியும் ஒரே நேர்கோட்டில். நாலு சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் 4 எல் போட்டு முதல் கியர், கயிறு விறைத்த பிறகு கிளட்சை முழுசாக விட்டுவிட்டு ஆக்சிலேட்டரில் மட்டும் வேலை. பாதி கிளட்சில் உறுமிக்கொண்டே நின்றால் ஒரு நிமிஷத்தில் கருகல் வாடை வந்துவிடும். சிக்கிய வண்டியின் இன்ஜின் ஓடட்டும், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் லேசாக இருக்கும், அதை ஓட்டுகிறவரும் மெதுவாகச் சக்கரத்தைச் சுற்றி உதவலாம். வண்டி விடுபட்டதும் சந்தோஷத்தில் மிதித்து உங்கள் பின்னால் வந்து இடித்துவிடுவார், அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சைகை காட்டுவது ஒரே ஆள். ஒருத்தர் போ போ, இன்னொருத்தர் விடு விடு என்றால் யார் பேச்சைக் கேட்பது? ரெண்டு மூன்று தடவை இழுத்தும் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுங்கள். உங்கள் சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு சுற்றும் உங்களுக்கு ஒரு குழி.

சில வண்டிகளுக்கு பிக்கப் போதாது. மணல் ஏற்றிய டிப்பரை இழுக்கக் கூப்பிட்டால் நான் போவதில்லை, பாரத்தோடு இருபது டன்னைத் தாண்டும் வண்டியை 2 டன் பிக்கப் என்ன செய்யும்? அங்கே டிராக்டர் வேண்டும், இல்லை ஜேசிபி. டிராக்டருக்குப் பின் சக்கரத்தில்தான் எடை, பெரிய பட்டன், ஆமை வேகம், சேற்றில் பிக்கப்பைவிட அதுதான் ராஜா. ஆனால் கயிற்றைப் பின் அச்சுக்கு மேலே எங்காவது கட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழ்ந்துவிடும். அச்சுக்குக் கீழே இருக்கும் டிராபாரில் மட்டும்தான் கட்ட வேண்டும், உதவிக்கு வருகிற டிராக்டர்காரரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டியை இழுத்து வெளியே கொண்டுவந்ததும் எல்லாரும் செய்கிற முதல் வேலை சாவியைத் திருப்பிப் பார்ப்பது. செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும், முக்கியமாக டீசலில். இழுத்துக்கொண்டே கியரில் போட்டு ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம். நியூட்ரலில் மேடான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்து கிளம்பும் முன் ரெண்டு வண்டியிலும் சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். ரிம்முக்குள் அப்பிய கரிசல் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி ஆகிவிடும், அறுபதில் போகும்போது ஸ்டீயரிங் ஆட ஆரம்பிக்கும், ஈரமாக இருக்கும்போதே ஒரு குச்சியால் வழித்துவிட்டால் அஞ்சு நிமிஷ வேலை. இறக்கிய காற்றை மறுபடி அடிக்கும்வரை மெதுவாகவே போகச் சொல்லுங்கள். நைலான் கயிறு நனைந்தால் பலம் கொஞ்சம் குறையும், வெயிலில் கிடந்தாலும் நாளாக நாளாக நைந்துபோகும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மண் போக அலசி, மாட்டுக்கொட்டகை நிழலில் கொடி கட்டிக் காயப்போட்டு வைக்கிறேன், அடுத்த போன் எப்போது வரும் என்று தெரியாதே.